ஒன்பதாவது ரீலில் நடந்த விவாகரத்து

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரோரம் இருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள், என் குரல் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. இன்றைக்கு உங்களுக்கு ஒரு காதல் மன்னனின் கதை வைத்திருக்கிறேன். எழுபத்திரண்டு படங்களில் காதலித்தவர், சொந்த மனைவியின் கையைப் பிடிக்க ஒரு அலுவலகத்தின் படியில் போய் நின்ற கதை. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. உங்களுக்காக அதை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

லாகூரில் முல்தான் ரோடு ஸ்டுடியோவின் தையல் அறையில் நான் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். கதாநாயகிகளின் கராரா பாவாடைக்கு ஜரிகை வைத்தேன். கதாநாயகர்களின் தொப்பைக்கு உள்பட்டை தைத்தேன். யாருக்கு எவ்வளவு அகலப் பட்டை என்று கேட்காதீர்கள், அது தொழில் ரகசியம்.

தில்நவாஸ் என்று போஸ்டரில் போடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஸஃப்தர் அலி. முகல்புரா ரயில்வே பட்டறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சுத்தியல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரை, நெற்றியில் விழுந்த ஒரு கொத்து முடிக்காகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த முடி இருபத்தேழு வருடம் அவருக்குச் சோறு போட்டது. கடைசி ஏழு வருடம் அது சொந்த முடி இல்லை. அதையும் நான்தான் ஒட்டினேன்.

உருதுப் படத்தில் காதலிப்பது லேசான வேலை இல்லை. தில்நவாஸ் பன்னிரண்டு முறை காசநோயில் செத்தார். நான்கு முறை கண் போய், நான்கு முறையும் கடைசி ரீலில் திரும்ப வந்தது. காதலியின் நிச்சயதார்த்தத்துக்குப் போய் வெள்ளைப் பியானோ முன் உட்கார்ந்து பாடியது எத்தனை முறை என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அந்தப் பியானோவுக்குள் தந்தியே கிடையாது. குளிர்காலப் போர்வைகளை அதற்குள்தான் நாங்கள் மடித்து வைப்போம். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் விரலை அதன் மேல் வைத்து, தோளை லேசாகச் சாய்த்து, நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ராவல்பிண்டியில் பெண்கள் துப்பட்டாவைக் கடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் அதே வாய் என்ன சொல்லும் தெரியுமா? "தாஹிரா, என் சாக்ஸ் எங்க?"

தாஹிரா அவருடைய மனைவி. அவளும் கதாநாயகியாக இருந்தவள்தான். அவருடைய ஒன்பதாவது படத்தில் ஜோடியாக நடித்தாள், பத்தாவது படத்துக்கு முன் நிக்காஹ் ஆனது. அப்புறம் நடிப்பை விட்டுவிட்டு, தினமும் அவரோடு ஸ்டுடியோவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. தில்நவாஸுக்கு நாற்பது வயதிலேயே கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் போய்விட்டது. காதல் மன்னன் கண்ணாடி போட்டுக்கொண்டு வசனத் தாள் படிப்பதை யாரும் பார்த்துவிடக்கூடாது. அதனால் கண்ணாடி தாஹிராவின் கைப்பையில் இருக்கும். மேக்கப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை அவரிடம் கொடுப்பாள். அவர் நான்கு முறை படித்து மனப்பாடம் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். வெளியே வந்ததும் அவர் வாயிலிருந்து முத்து முத்தாகக் காதல் கொட்டும். எழுதிக் கொடுத்தால் கொட்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் சாக்ஸ்தான்.

ஒருநாள் தாஹிரா என்னிடம் சொன்னாள்: "எல்லாப் பொம்பளைங்களுக்கும் எம் புருஷன் பேசுறாரு. எனக்கு மட்டும் அவரு மௌனப் படம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நாட்டில் ஒழுக்கம் சட்டமாக வந்தது. மால் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தைப் பிடித்து, வெள்ளையடித்து, 'திரை ஒழுக்கச் சீரமைப்புக் குழு' என்று பலகை மாட்டினார்கள். தலைவராக வந்தவர் கர்னல் ஷம்ஷாத் துரானி, ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் கோவேறு கழுதைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். முதல் நாள் எல்லாத் தயாரிப்பாளர்களையும் நிற்கவைத்து ஒரு உரை நிகழ்த்தினார்.

"ஆயிரத்து இருநூறு கோவேறு கழுதைங்களை மலைப்பாதையில ஒரே வரிசையா நடத்தினவன் நான். ஒண்ணு இன்னொண்ணு மேல உரசினது கிடையாது. கழுதையால முடியும்னா கதாநாயகனால ஏன் முடியாது?"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தால் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கும் என்று பயம்.

திரையில் ஆணும் பெண்ணும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரு கஜ தூரம் தள்ளி நிற்கவேண்டும் என்பது முதல் விதி. அதை அளப்பதற்குக் கர்னல் திரையரங்கிலேயே ஒரு அளவுநாடா வைத்திருந்தார். படம் ஓடும்போது நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுந்து போய், திரைமேலேயே நாடாவை வைத்து அளப்பார். தோட்டத்தின் இந்தக் கோடியில் அவனும் அந்தக் கோடியில் அவளும் நின்று, கேமரா மாடியிலிருந்து எடுத்திருந்தால், திரையில் இருவருக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருக்கும். "ஆபாசம், வெட்டு" என்பார். அதையே மூக்கும் மூக்கும் முட்டும்படி மிகக் கிட்டத்தில் எடுத்திருந்தால், திரையில் இரண்டு முகமும் மலை மாதிரி விரிந்து, அவன் கண்ணுக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே ஆறடி வரும். "கண்ணியமா இருக்கு, விடு" என்பார். ஆறு மாதத்தில் எல்லா இயக்குநர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள். தேசத்தின் ஒழுக்கம் கூடக்கூட மூக்குகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

அந்தச் சமயத்தில்தான் கோடாலிப் படங்கள் கிளம்பின. மீசைக்காரன் ஒருவன் வயலில் இறங்கி நாற்பது பேரை வெட்டுவான்; மிச்சமிருப்பவர்களை இடைவேளைக்கு அப்புறம் வெட்டுவான். குழு அவற்றை வெட்டாமலே விட்டது. யாரோ ஒருவர் தைரியமாக ஏன் என்று கேட்டாராம். கர்னல் பொறுமையாக விளக்கினார்.

"அதுல யாரும் யாரு கையையும் பிடிக்கலையே. வெட்டத்தானே வெட்டுறான். வெட்டின கையில ஒழுக்கக்கேடு எங்கேருந்து வரும்?"

லக்ஷ்மி சௌக்கில் இருந்த சினிமாக் கம்பெனிகளெல்லாம் கோடாலிக்கு மாறின. தில்நவாஸுக்கு ஒன்றரை வருடம் படம் இல்லை. ஐம்பத்தொரு வயதில் யார் கையில் கோடாலி கொடுப்பார்கள்? ஒரு கம்பெனி கொடுத்துத்தான் பார்த்தது. பிடித்த பிடியில் அது ரோஜாப்பூ மாதிரி இருக்கிறது என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது யாகூப் சேட் வந்தார். பழைய தயாரிப்பாளர், குட்டையான மனிதர், பேசும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டே பேசுவார். நோன்புப் பெருநாளுக்கு ஒரு காதல் படம் கொண்டுவர அவருக்குக் கடைசி ஆசை. தில்நவாஸ் வீட்டுக்கு வந்தார். நானும் அளவெடுக்க அங்கே இருந்தேன்.

"குழுகிட்டேருந்து தப்பிக்க ஒரே வழிதான் இருக்கு பாய்," என்றார். "கையைப் பிடிக்கிறவனும் பிடிக்கப்படுறவளும் நெசமாவே புருஷன் பெண்டாட்டியா இருந்துட்டா, கர்னல் என்ன செய்வாரு? இந்த ஊர்ல அப்படி ஒரு ஜோடி நீங்க ரெண்டு பேருதான். தாஹிரா ஆபா, நீங்க திரும்ப நடிக்கணும்."

"எனக்கு நாப்பத்து நாலு வயசு சேட்," என்றாள் தாஹிரா.

"அவருக்கு என்ன, பதினாறா? பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டு பேரும் சின்னவங்களாத் தெரிவீங்க."

தாஹிரா கணவரைப் பார்த்தாள். "இருபது வருசத்துக்கு அப்புறம் என்கூட காதல் பேசுவீங்களா?"

"எழுதிக் குடுத்தா பேசுவேன்," என்றார் அவர். அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

படம் எடுத்தார்கள். டாக்டர் ஒருவன், அவன் மனைவி, நடுவில் கோள் சொல்லும் சின்னம்மா. ஒன்பதாவது ரீலில் சின்னம்மா பேச்சைக் கேட்டு டாக்டர் வெள்ளைப் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று மனைவிக்குத் தலாக் சொல்கிறான். ஒரே ஒரு தடவை, அதாவது திரும்பப் பெறக்கூடிய தலாக். பதினான்காவது ரீலில் உண்மை தெரிந்து, மழையில் நனைந்து, காய்ச்சலும் இருமலும் வந்து, அவள் மடியில் தலைவைத்துச் சாகிறான். பன்னிரண்டாவது காசநோய். அந்தச் சாவை எடுத்த அன்று மேக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நானே அழுதேன்.

பெருநாளுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது படத்தைக் குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் பாட்டிலேயே டாக்டர் மனைவியின் கையைப் பிடித்தார். கர்னலின் மேசைமணி அடித்தது, படம் நின்றது. யாகூப் சேட் தயாராக இருந்தார். பையிலிருந்து அவர்களுடைய கல்யாணப் பத்திரத்தை, நிக்காஹ்நாமாவை, எடுத்து நீட்டினார். கர்னல் அதை விளக்குக்கு அடியில் வைத்து இரண்டு தடவை படித்தார். உதவியாளரைக் கூப்பிட்டுப் பதிவு செய்யச் சொன்னார்.

"இந்தப் படத்துல இருக்கிற கணவனும் மனைவியும் உண்மையிலேயே கணவனும் மனைவியும்தான்னு குழு ஏத்துக்குது. இவங்க தொடுறது சட்டப்படி சரி."

சேட் நெஞ்சைத் தடவிக்கொண்டார். எட்டு ரீல் ஓடும்வரை அளவுநாடா சுருட்டியபடியே கிடந்தது.

ஒன்பதாவது ரீலில் மணி அடித்தது.

"இவர் இப்ப என்ன சொன்னார்?" என்று கேட்டார் கர்னல்.

"வசனங்க ஐயா," என்றார் சேட்.

"வசனமா? இவங்க உண்மையான புருஷன் பெண்டாட்டின்னு காகிதம் குடுத்தது நீங்கதானே? நாங்க கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டோம். உண்மையான புருஷன், உண்மையான பெண்டாட்டியப் பாத்து, ரெண்டு சாட்சிக்கு மேல நாப்பது பேர் நிக்கும்போது, தெளிவான குரல்ல தலாக் சொல்லியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஐயா, அது டாக்டர் சொல்றது."

"டாக்டருக்குத்தான் நிக்காஹ்நாமா இல்லையே. இருக்கிறது ஸஃப்தர் அலிக்கு."

யாகூப் சேட் நெஞ்சை இன்னும் வேகமாகத் தடவினார். பிறகு, "அந்த ரீலையே வெட்டி எறிஞ்சிடுறேன் ஐயா, சனியன் போகட்டும்," என்றார்.

கர்னல் எழுந்தே விட்டார். "ஆதாரத்தை அழிக்கப் பாக்குறீங்களா? அந்த ரீல் இனிமே குழுவோட சொத்து. அது இருக்கணும். அதுக்கு அப்புறம் இவங்க ரெண்டு பேரும் அந்நியர். ஒன்பதுக்கு மேல இவங்க தொடுற இடமெல்லாம் வெட்டணும்."

இப்படித்தான், கண்ணுகளா, பதினோரு பக்கத் தீர்ப்பு ஒன்று வந்தது. படப்பிடிப்பு நாளிலிருந்து எண்ணாமல், கருணை காட்டி, தீர்ப்பு நாளிலிருந்து தொண்ணூறு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஸஃப்தர் அலி சொன்ன சொல்லைக் குழுவின் முன்னால் திரும்பப் பெற வேண்டும். இல்லாவிட்டால் விவாகரத்து முடிந்துபோனது. அதுவரை ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. வார்டு ஆபீஸுக்கு ஒரு நகல், போலீசுக்கு ஒரு நகல், வீட்டுக்கு ஒரு நகல்.

அவர்கள் தெருவில் ஒரு சின்னப் பள்ளிவாசல். இமாம் மௌலவி கரம் தீன், பற்கள் போன மனிதர், நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கு விறகு உடைத்துக்கொண்டிருந்தார். தில்நவாஸ் தீர்ப்பை அவர் கையில் கொடுத்தார். மௌலவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ மனசுல நெனச்சுச் சொன்னியா?"

"இல்ல மௌலவி சாகிப். நாலு தடவை மனப்பாடம் பண்ணிச் சொன்னேன்."

"நாடகத்துல ராசா வேசம் போட்டவன் வீட்டுக்கு வந்து வரி கேட்டா குடுப்பியா? அது அந்த டாக்டர் சொன்ன பேச்சு. அவன்தான் செத்துப்போயிட்டானாமே. போய் வீட்ல நோன்பு தொற. கஞ்சி வேணும்னா பாத்திரம் எடுத்துட்டு வா."

ஆனால் குழு மௌலவியின் பேச்சை ஏற்கவில்லை. அவரிடம் முத்திரை இல்லை. சேட்டும் விடவில்லை. பெருநாள் நெருங்குகிறது, திரும்பப் பெற்றால் பதினான்காவது ரீலாவது பிழைக்கும். விசாரணைக்கு நாள் வாங்கினார். வசனகர்த்தாவிடம் சொல்லி, கல்லும் கரையும்படி இரண்டு பக்கம் எழுதி வாங்கினார்.

விசாரணை அறையில் நடுவே ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் தில்நவாஸ், அந்தப் பக்கம் தாஹிரா. தில்நவாஸ் மேக்கப்போடு வந்திருந்தார். அரசாங்க இடம் என்று நல்ல முடியாகப் பார்த்து ஒட்டி, நானும் கூடவே வந்திருந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைத் தொடங்கினார். "என் உயிரின் விளக்கே..."

மணி அடித்தது.

"இது யாரு எழுதினது?" என்றார் கர்னல்.

"வசனகர்த்தா," என்றார் சேட்.

"எழுதிக் குடுத்ததைச் சொன்னா அது நடிப்பு. நடிப்பு செல்லாது."

"அப்ப ஒன்பதாவது ரீல்ல சொன்னதும் எழுதிக் குடுத்ததுதானே ஐயா?"

கர்னல் சேட்டை இரக்கத்தோடு பார்த்தார். "கெட்டதை யாரு எழுதிக் குடுத்தாலும் அது கெட்டதுதான், உடனே செல்லும். நல்லதுக்குத்தான்யா ஆதாரம் வேணும். முப்பது வருச சேவையில நான் கத்துக்கிட்டது இது. ஸஃப்தர் அலி, சொந்த வார்த்தையில சொல்லுங்க."

தில்நவாஸ் நின்றார். தோளைச் சாய்த்தார், நிமிர்ந்து பார்த்தார், எல்லாம் சரியாக வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. உதவியாளர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எழுபத்திரண்டு படங்களில் பேசிய வாய் மெல்லத் திறந்தது. நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். அது திரும்பவும் மூடிக்கொண்டது. நெற்றி வியர்த்து ஒட்டுமுடியின் பசை விட்டது. அந்தக் கொத்து வழுக்கி மேசைமேல், தீர்ப்பின் மேலேயே, விழுந்தது.

"மனுதாரர் மௌனம்," என்று பதிவு செய்தார்கள். "முடி, ஒன்று. கைப்பற்றப்பட்டது."

வெளியே படிக்கட்டில் தாஹிரா நின்றாள். "அந்தக் கர்னல் ஒரு முட்டாள்," என்றாள். "அவன் காகிதத்தை நான் அடுப்புல போடுவேன். மௌலவி சொன்னதே எனக்குப் போதும். ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒண்ணே ஒண்ணு. 'வா'ன்னு சொல்லியிருந்தாக்கூட வந்திருப்பேன்."

தில்நவாஸ் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சாவி உங்கிட்டயா இருக்கு?" என்றார்.

தாஹிரா சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, டோங்கா குதிரைவண்டியைக் கைகாட்டி நிறுத்தி, ஃபெரோஸ்பூர் ரோட்டில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். குழு பிரித்தது என்று ஊர் சொன்னது. எனக்குத் தெரியும், இல்லை. ஆனால் குழு கதவைத் திறந்துவிட்டிராவிட்டால் அந்தக் காற்று உள்ளே வந்திருக்காது. இப்படி அலுவலகக்காரர்கள், கண்ணுகளா, நம் வீட்டுக்குள் இருக்கும் சின்ன விரிசலைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

பெருநாளுக்கு ஒன்பது கொட்டகைகளில் கோடாலி ஓடியது. நம் படம் இரண்டில். ஒன்பதாவது ரீல் வரை ஊரே அமைதியாகப் பார்த்தது. அப்புறம் குழு வெட்டிய வெட்டில், தில்நவாஸ் மழையில் விழுகிறார், அவள் ஓடி வருகிறாள், கை நீட்டுகிறாள், அடுத்த நொடி கபர்ஸ்தானில் மண் மூடியிருக்கிறது. முன்வரிசையில் ஒருவன் கேட்டான், "யோவ், இவனை யாருய்யா இவ்வளவு வேகமாப் பொதைச்சது?" கொட்டகை முழுக்கச் சிரித்தது. நாலாம் நாள் அந்த இரண்டு கொட்டகையிலும் கோடாலி வந்துவிட்டது.

தில்நவாஸ் தனியாக இருந்தார். ஒருநாள் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனேன். அந்தக் கண்ணாடி தாஹிராவின் பையோடு போய்விட்டதே, வேறு வாங்கலாமே என்றேன். தலையை ஆட்டினார். பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டு வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினாராம்.

"போய் என்ன சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். "நீங்க எதாவது எழுதித் தர்றீங்களா, மாஸ்டர்னி?"

"நான் தையக்காரி, ஸஃப்தர் பாய். எனக்கு ஊசியிலதான் எழுதத் தெரியும்," என்றேன். ஊசியைக் கீழே வைக்காமல்தான் சொன்னேன். எனக்கும் கோபம்.

எண்பத்தொன்பதாவது நாள் வந்தது. அன்று குழு தன் மூன்றாவது வருடத்தைக் கொண்டாட மால் ரோட்டு மண்டபத்தில் 'தூய திரை விருது' என்று ஒரு விழா வைத்தது. அந்த வருடப் படங்களில் எதற்குக் கொடுப்பது என்று பார்த்தார்கள். குழு சொன்ன ஒவ்வொரு வெட்டையும் வெட்டியிருந்தது ஒரே ஒரு படம். மற்றவை எல்லாம் கோடாலி. அவற்றில் வெட்டச் சொல்லவே இல்லை, எனவே கீழ்ப்படியவும் இடம் இல்லை. விருது தில்நவாஸுக்கும் தாஹிராவுக்கும்.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவே கயிறு. மேடையேறும் பெண்களின் முக்காடு நழுவிவிடாமல் பார்க்க ஊசியோடு ஒரு ஆள் வேண்டும் என்று குழு கடிதம் போட்டிருந்தது. அந்த ஆள் நான். மேடைக்குப் பின்னால் தாஹிராவின் துப்பட்டாவில் பதினாறு ஊசி குத்தினேன்.

"இன்னும் குத்த இடம் இருக்கா?" என்றாள்.

"பையை இங்கயே வெச்சிட்டுப் போறியா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்," என்று அதை அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.

நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். கர்னல் முக்கால் மணி நேரம் பேசினார். "இந்த மூணு வருசத்துல ஏழாயிரத்து நானூறு அடி காதலை வெட்டியிருக்கோம். நேரா வெச்சா மண்டபத்துலேருந்து ரயில் நிலையம் வரைக்கும் வரும். அடுத்த வருசம் எல்லை வரைக்கும் கொண்டுபோவோம்." பிறகு தில்நவாஸைக் கூப்பிட்டார்கள். ஒட்டுமுடி இல்லாமல், வழுக்கையோடு வந்தார். அரங்கில் ஒரு சலசலப்பு. உதவியாளர் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நன்றியுரை, குழுவே எழுதி, முத்திரை குத்தி, அனுமதித்தது.

தில்நவாஸ் தாளைப் பார்த்தார். தூரமாகப் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். விளக்கை நோக்கித் திருப்பினார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மனப்பாடம் செய்ய நேரம் கொடுத்திருக்கவில்லை. ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. கர்னல், "படிங்க, படிங்க," என்றார்.

அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாஹிரா எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்தாள். கைப்பையைத் திறந்தாள், அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. கண்ணாடியை எடுத்து, துப்பட்டா நுனியால் துடைத்து, நீட்டினாள்.

"போட்டுக்கங்க," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."

அவர் கண்ணாடியை வாங்கவில்லை. கண்ணாடி இருந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

தொலைக்காட்சியில் அந்த நொடி படம் மாறியது. ஏதாவது தகாதது வந்தால் போடுவதற்கென்று ஒரு பூச்சாடிப் படம் எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள். ஐந்து மஞ்சள் டேலியா, ஒரு நீலச் சாடி. பெஷாவரிலிருந்து கராச்சி வரை எல்லா வீட்டிலும் அந்தப் பூச்சாடி வந்து நின்றது. பின்னணியில் சிதார்.

நான் மேடைப் பக்கத்தில் ஊசியோடு நின்றிருந்தேன். அதனால் பூவைப் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

தில்நவாஸ் தோளைச் சாய்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, ரயில்வே பட்டறைக்காரர் மகன் மாதிரி, கரகரத்த குரலில் சொன்னார்:

"தாஹிரா, எழுதிக் குடுக்காம எனக்குப் பேச வராது. எழுதினதைப் படிக்கவும் நீ இல்லாம முடியாது. வீட்டுக்கு வா."

தாஹிரா மறு கையால் கைப்பையை மூடினாள். பிறகு, "சாக்ஸ் மேல் டிராயர்ல இருக்கு," என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. இரண்டு பேரும் கையை விடாமலே மேடையின் பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்கள். அவளுடைய துப்பட்டா என் பக்கத்து ஆணியில் மாட்டி, பதினாறு ஊசியும் தெறித்தன. விருதுக் கோப்பை மேசையிலேயே இருந்தது. கர்னல் மணியைத் தேடினார். அதை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

பூச்சாடி எட்டு நிமிடம் நின்றது.

மறுநாள் குழு கூடி முடிவெடுத்தது. மேடையில் நடந்ததாகச் சொல்லப்படுவது தொலைக்காட்சியில் வரவில்லை; வராததைக் குழு பார்க்கவில்லை; பார்க்காதது நடக்கவில்லை. எனவே தொண்ணூறு நாள் முடிந்தது, தலாக் உறுதியானது, கோப்பு மூடப்பட்டது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை, குழு எப்போதோ போய்விட்டது. கோப்பு மட்டும் எங்கேயோ இருக்கும், ஒட்டுமுடியோடு சேர்த்து. அதன்படி அவர்கள் இரண்டு பேரும் இன்று வரை அந்நியர்கள். அந்நியர்களாகவே அப்புறம் பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டே காய்கறி வாங்கப் போனார்.

லக்ஷ்மி சௌக் டீக்கடையில் மறுநாள் காலை நான் கேட்டது இது. கடைக்காரர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எழுபத்திரெண்டு படமும் பாத்திருக்கேன். நேத்து அந்தப் பூச்சாடி நின்னுச்சு பாருங்க, அதுதான்யா தில்நவாஸோட நல்ல சீன். எட்டு நிமிசம், எம் பொண்டாட்டி ரொட்டியைக் கருக விட்டுட்டா."

இவ்வளவுதான் கண்ணுகளா, போய்ப் படுங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்குள் எந்தக் கர்னலின் அளவுநாடாவும் நுழையாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் தேடுகிற கண்ணாடி தேடுகிற கைக்குக் கிடைக்கட்டும். சொல்ல வேண்டிய சொல், முத்திரை இல்லாமலே, நேரத்துக்கு வாயில் வரட்டும். அடுப்பில் ரொட்டி கருகினாலும் சரி, உங்கள் வீட்டில் பிடித்த கை பிடித்தபடியே இருக்கட்டும்.